படத்திறப்பில் சிரிக்க வைப்பது: யார், எப்போது, எவ்வளவு?

தறிமேடை:
சேலம் அம்மாபேட்டையில் ஒரு வீட்டுல வர்ற ஞாயித்துக்கிழமை 16ஆம் நாள் காரியம். காலையில சடங்கு, 11 மணிக்குப் படத்திறப்பு, 12 மணிக்கு இலை போட்டாகணும். இறந்தவருக்கு 84 வயசு. பட்டுத்தறிக்காரர், கேலிக்குப் பேர் போன ஆளு. "மாலை போட்ட படத்து முன்னாடி எவனாவது மூக்கைச் சிந்துனா எறங்கி வந்துடுவேன்"னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கார். பிள்ளைங்க அதை அப்படியே நிறைவேத்தணும்ங்கறாங்க. ஆறு பேர் பேசறாங்க. அவரோட வீட்டம்மாவும் உட்கார்ந்து கேப்பாங்க, 78 வயசு. யாரைப் பேச விடணும், எந்த வரிசையில, எதைத் தொடக்கூடாது? சொந்த அனுபவக் கதை வேண்டாம், செய்முறை மட்டும் சொல்லுங்க.

முகவீணை:
முதல்ல முறை பாருங்க, அப்புறம் ஜோக் பாருங்க. எழவு வீட்டுல கேலி பேச உரிமை உள்ளவங்க மாமன், மச்சான், கொழுந்தியா, பேரன் பேத்தி. பங்காளிக்கு அது கிடையாது, பெத்த பிள்ளைக்கும் கிடையாது. "மனுசன் கடைசி வரைக்கும் எங்கிட்ட வாங்குன இருநூறு ரூபாயைத் திருப்பித் தரலை"னு மச்சான் மைக்குல சொன்னா பந்தலே சிரிக்கும். அதையே பங்காளி சொன்னா சொத்துத் தகராறு. வார்த்தை ஒண்ணுதான், வாய்தான் வேற.

மானிடவியல்ல இதுக்குத் தனிப் பெயரே இருக்கு. கேலி உறவு. ராட்கிளிஃப் பிரௌன் 1940இல் எழுதின கட்டுரையில இதை 'அனுமதிக்கப்பட்ட அவமரியாதை'ங்கறார். கேலி பண்றவனுக்கு உரிமை, கேக்கறவன் கோவிச்சுக்கக் கூடாதுங்கறது கடமை. ரெண்டும் சேர்ந்தாத்தான் அது கேலி. ஒண்ணு இல்லைன்னாலும் வசவு.

உங்க ஆறு பேர் யார் யார், என்ன முறைனு எழுதுங்க.

தறிமேடை:
மூணு பேர் பங்காளிங்க. ஒருத்தர் மச்சான் (வீட்டம்மாவோட தம்பி). ஒருத்தர் உள்ளூர்ப் பிரமுகர். கடைசியா மகள் வயித்துப் பேரன், கல்லூரியில படிக்கிறான்.

முகவீணை:
பிரமுகரை முதல்ல போட்டு 5 நிமிஷத்துல முடிச்சிடுங்க. அவருக்கு அடுத்த எழவு எங்கேயாவது இருக்கும். அடுத்து பங்காளிங்க ரெண்டு பேர், கேலியே இல்லாம: என்ன தொழில், எந்தத் தெரு, யாருக்கு என்ன செஞ்சார். இது 15 நிமிஷம். அழறவங்க இங்கேயே அழுது முடிச்சிடட்டும். நாலாவதா மச்சான், 12 நிமிஷம். மூணாவது பங்காளி அதுக்கப்புறம் 8 நிமிஷம், அவரும் கேலி இல்லாமத்தான். பேரன் 5. மொத்தம் 45 ஆச்சு. மீதி 15 நிமிஷத்தை நம்பாதீங்க, விளக்கேத்தறதும் திரை விலக்கறதும் மாலை போடறதும் அதைத் தின்னுடும்.

மச்சானை முதல்ல விட்டா அழுகை தங்காது, சிரிப்பும் தங்காது. சனம் இன்னும் செருப்பு கழட்டிட்டு இருக்கும். கடைசியில விட்டா சாம்பார் வாசனை வந்திருக்கும், அப்புறம் எந்தக் கேலியும் எடுபடாது.

கோமாளிக்கட்டை:
முகவீணை சொன்ன வரிசைக்குத் தெருக்கூத்துல இருந்தே சாட்சி சொல்றேன். வடதமிழகத்துல கருமாதி ராத்திரிகள்ல கர்ண மோட்சம் வைக்கிறது வழக்கம். கர்ணன் தான் செஞ்ச புண்ணியத்தையும் சாகும்போது தானம் பண்ணி மோட்சம் போறான், அதை ஆடுனா இறந்தவருக்கும் அந்த வழி திறக்கும்ங்கற நம்பிக்கை. ராத்திரி தொடங்கி விடிய விடிய நடக்கும். சாவை அழறதுக்குனு வெச்ச இந்தக் கூத்துலதான் கட்டியக்காரன், சேலம் நாமக்கல் பக்கத்து வாயில கோமாளி, முதல்ல வந்து நிக்கறான்.

அவனுக்கு வேலை எங்கே அதிகம்னு கவனிங்க. கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவி அவன் பிறப்பைக் குத்திப் பேசற இடத்துல, ராஜா வேஷம் தன் பெருமையைத் தானே சொல்லிக்கற இடத்துல. கர்ணன் அம்பு பட்டு விழுந்ததும் கோமாளி ஒதுங்கி நிப்பான், இல்லைன்னா பின்பாட்டுல சேர்ந்துக்குவான். அப்போ ஒரு வரி தப்பா விட்டாலும் முன்வரிசைப் பெண்கள் எழுந்து போயிடுவாங்க.

அவன் ராஜாவைக் கிண்டல் பண்ணலாம், வாத்தியக்காரனைப் பண்ணலாம், தன்னைத் தானே பண்ணிக்கலாம், எமனைப் பண்ணலாம். கூத்து வெச்ச வீட்டுக்காரரைப் பண்ண மாட்டான். உங்க மச்சானுக்கும் இதையே சொல்லி வைங்க. அவர் இறந்தவரைக் கிண்டல் பண்ணலாம், தன்னைப் பண்ணிக்கலாம். பிள்ளைங்க வைத்தியம் பாத்த விதத்தைப் பத்தி விளையாட்டுக்குக்கூட வாயைத் திறக்கக் கூடாது. "இவனுங்க கூட்டிட்டுப் போன ஆசுபத்திரி எமனோட கிளைதான்" அப்படீங்கற மாதிரி ஒரு வரி போதும், 16 நாளா அந்தப் பிள்ளை மனசுல 'வேற ஆசுபத்திரிக்குப் போயிருக்கலாமோ'னு ஓடிட்டிருக்கறதைக் கீறிவிட.

நடவுப்பாட்டு:
ஆம்பளைங்க மைக்கைப் பிடிச்சு எப்படிச் சிரிக்க வைக்கறதுன்னே பேசறீங்க. எழவு வீட்டுல உண்மையான நையாண்டி உள்கூடத்துல இருக்கு. ஒப்பாரியை உட்கார்ந்து கேட்டுப் பாருங்க. முதல் வரி புகழும், ரெண்டாவது வரி குத்தும். இப்படி ஒரு மாதிரி வெச்சுக்குங்க:

எட்டுக்கட்டு வீடு கட்டி எட்டு சாவி வெச்சிருந்தீங்க
சாவி எண்ண வந்த சனம் சாயந்தரம் வந்து சேந்தாங்க

இதுல யாரைத் திட்டறாங்கன்னு அந்தக் கூடத்துல எல்லாருக்கும் தெரியும். ஆனா சொல்றது இறந்தவர்கிட்ட. 'வெச்சிருந்தீங்க'ங்கற முன்னிலைதான் சூட்சுமம். உயிரோட இருக்கற ஆளைப் பார்த்துச் சொன்னா அவர் பதில் சொல்லுவார். பிணத்தைப் பார்த்துச் சொன்னா குறுக்கே பேச யாருக்கும் வழியில்லை, அழறவ வாயை எவன் அடைக்க முடியும்? லேட்டா வந்த தம்பி, பேசாம இருந்த நாத்தனார், சீர் குறைச்ச சம்பந்தி எல்லாரும் தலை குனிஞ்சு கேட்டுக்க வேண்டியதுதான். பக்கத்துல கட்டிப்பிடிச்சு அழறவளே முந்தானைக்குள்ள சிரிச்சிருப்பா. அடுத்த வரிக்கு மறுபடி அழுவா.

சிரிப்பு துக்கத்தைக் குறைக்குதுங்கற பேச்சையே நான் ஒத்துக்கறதில்லை. ரெண்டு மணி நேரம் அழணும்னா நடுவுல மூச்சு வாங்கணும், அவ்வளவுதான் அது.

தறிமேடை அண்ணா, அந்த வீட்டம்மாவை மேடைக்கு எதிர்ல உட்கார வைக்காதீங்க. எதிர்ல உட்கார்ந்தா ஒவ்வொரு சிரிப்புக்கும் மொத்தப் பந்தலும் திரும்பி அவங்க முகத்தைப் பார்க்கும். பக்கவாட்டுல, சுவரோரம், பக்கத்துல அவங்க வயசு ஆள் ஒருத்தர். என்னென்ன கேலி வரப்போகுதுனு முந்தின நாளே அவங்ககிட்ட ஒருத்தர் சொல்லிடணும். சொன்னா கேலி சப்புனு போயிடாதானு கேப்பீங்க. போகட்டும். அவங்களை அங்க திடுக்கிட வைக்கக் கூடாது.

தறிமேடை:
இது தோணவே இல்லைங்க அக்கா. எதிர்லதான் நாற்காலி போட்டிருந்தாங்க. மாத்தச் சொல்லிட்டேன்.

வெண்பாவாத்தியார்:
மரணத்தைக் கேலி பண்றதுல காளமேகத்தை விட்டுட்டு எப்படிப் பேசறது?

முக்காலுக் கேகாமுன் முன்னரையில் வீழாமுன்
அக்கா லரைக்கால்கண் டஞ்சாமுன் – விக்கி
இருமாமுன் மாகாணிக் கேகாமுன் கச்சி
ஒருமாவின் கீழரையின் றோது

மேலோட்டமாப் பார்த்தா பின்ன வாய்பாடு. முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, கீழரை. பிரிச்சுப் பார்த்தா கிழவனோட கணக்கு. ரெண்டு காலோட கைத்தடி சேர்ந்து மூணு கால் ஆகறதுக்கு முன்னாடி, நரை விழறதுக்கு முன்னாடி, காலனோட காலைக் கண்டு நடுங்கறதுக்கு முன்னாடி, விக்கி இருமறதுக்கு முன்னாடி, சுடுகாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, காஞ்சிபுரத்து ஒத்தை மாமரத்தடியில இருக்கற சிவனை இன்னிக்கே பாடு.

ஊர்ல பல பேர் சிலேடையோட நின்னுடறாங்க. இறங்குவரிசையைக் கவனிக்கணும்.

தேர்வீதி62:
மாகாணி வீசம்தானே, 1/16? அதுக்கு முன்னாடி இருமா எப்படி வரும்? மா சின்ன அளவாச்சே.

வெண்பாவாத்தியார்:
ஒரு மா 1/20. இருமா அதுல ரெண்டு, அதாவது 1/10. 3/4, 1/2, 1/4, 1/8, 1/10, 1/16, 1/20, 1/640. ஒரு இடத்துலகூட ஏறலை. ஆயுசு குறைஞ்சுட்டே போறதைச் சொல்லாம, எண்ணைக் குறைச்சுக் காட்டியிருக்கார்.

கோமாளிக்கட்டை:
ஐயா, அருமை. ஆனா மேடையில வேண்டாம். இப்போ நீங்க விளக்கின விளக்கத்துக்கே 4 நிமிஷம் ஆகும். விளக்கினா கேலி செத்துடும், அங்க ஏற்கெனவே ஒரு சாவு இருக்கு.

வெண்பாவாத்தியார்:
ஒத்துக்கறேன். நினைவு அட்டைக்குப் பின்பக்கம் போடலாம், வீட்டுல நிதானமா படிப்பாங்க. இழை எண்ணிப் பிழைச்ச மனுசருக்குக் கணக்குப் பாட்டு பொருந்தும்.

நைட்டூட்டி:
படத்திறப்புக்கு நேரடியா சம்பந்தமில்லை, ஆனா தலைப்புக்குச் சம்பந்தம் உண்டு. சாவுக்கு முன்னாடி, படுக்கையில இருக்கறவர் பண்ற கேலியைப் பத்தி யாரும் எழுதலை.

தொடங்க வேண்டியது நோயாளிதான். உறவுக்காரங்க தொடங்கினா அது பயத்தை மறைக்கற சத்தம், அவருக்கு அது தெரிஞ்சுடும். அவரே "என்னம்மா, எனக்கு டிக்கெட் கன்ஃபார்ம் ஆயிடுச்சா, இல்லை இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்டா?"னு கேட்டா உடனே சிரிச்சுட்டு நகர்ந்துடாதீங்க. அதுல பாதி கேலி, பாதி கேள்வி. சிரிச்ச பிறகு கொஞ்சம் சும்மா இருங்க. நாலைஞ்சு நொடி போதும். மீதி கேள்வி இருந்தா அந்த இடைவெளியில வரும். "சீட்டு பத்தி என்ன நினைக்கறீங்க?"னு திருப்பிக் கேக்கலாம். "சும்மா இருங்க தாத்தா, நூறு வயசு இருப்பீங்க"னு சொன்னா கதவைச் சாத்தின மாதிரி. அதுக்கப்புறம் உங்ககிட்ட கேக்க மாட்டார்.

உடம்பு விஷயமும் உண்டு. வயித்துல தையல் இருக்கறவருக்குச் சிரிப்பு வந்தா வலி உயிர் போகும், அதனால மடிச்ச துண்டோ சின்னத் தலையணையோ தையல் மேல அழுத்திப் பிடிக்கக் கொடுங்க. மூச்சிரைப்பு உள்ளவர் சிரிப்புல தொடங்கி இருமல்ல முடிப்பார். தலைமாட்டை உயர்த்தி வெச்சுட்டுப் பேசுங்க, வாயில தண்ணியோ மாத்திரையோ இருக்கும்போது சிரிக்க வைக்காதீங்க, புரையேறிடும். நினைவு தப்பிட்டார்னு நினைச்சு அவர் தலைக்கு மேல எழவுச் செலவுக் கணக்கையோ கேலியையோ பேசவே கூடாது. கண்ணு மூடியிருந்தாலும் காது கேட்டுட்டு இருக்கலாம்.

பனிமூட்டம்:
மலையிலிருந்து ஒரு குறிப்பு. சேலத்துல ஒருத்தர் 'மேல போயிட்டார்'னா வைகுண்டமா ஏற்காடானு கேட்டுத்தான் துக்கப்படணும்.

நைட்டூட்டி அக்கா சொன்ன 'அவரே தொடங்கணும்'ங்கறதுதான் விஷயத்தோட ஆணிவேர்னு நினைக்கறேன். ஃப்ராய்ட் 1927இல் நகைச்சுவை பத்தி எழுதின கட்டுரையில ஒரு உதாரணம் வருது. திங்கட்கிழமை தூக்குமேடைக்குக் கூட்டிட்டுப் போற கைதி, "வாரம் நல்லாத்தான் தொடங்குது"ங்கறான். அதையே காவலாளி சொன்னா கொடூரம். இங்கிலாந்து ராஜாகிட்ட அமைச்சரா இருந்த தாமஸ் மோர் 1535 ஜூலை 6ஆம் தேதி லண்டன்ல தலை வெட்டுப்படப் போறார். மேடை ஆட்டங்காணுது. பக்கத்துல இருந்த அதிகாரிகிட்ட "பத்திரமா ஏத்தி விடுங்க, இறங்கறதை நானே பாத்துக்கறேன்"ங்கறார். இதெல்லாம் சாகப் போறவன் கையில இருந்த சொத்து, மத்தவங்க அதை எடுத்துச் சொல்லலாம், அவ்வளவுதான்.

அதனால மச்சான் புதுசா ஜோக் யோசிக்க வேண்டாம். இறந்தவர் சொன்னதையே சொல்லட்டும். மூணு போதும். நாலாவது வந்தா நிகழ்ச்சி பட்டிமன்றம் ஆயிடும்.

முகவீணை:
மூணையும் எழுதி வெச்சு, சத்தமா ரெண்டு தடவை படிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. சொல்லும்போது தானே சிரிச்சுடற ஆளு எழவு மேடைக்கு ஆகாது. முடிச்சதும் படத்தைத் திரும்பிப் பார்க்கணும், சனத்தைப் பார்க்கக் கூடாது. சனத்தைப் பார்த்தா சிரிப்பைக் கேட்டு வாங்கற மாதிரி இருக்கும்.

அப்புறம் மைக் செட். குழாய் ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பிக் கட்டறது நம்ம ஊர் வழக்கம். வேண்டாம். உள்ள பேசற கேலியும் அதுக்கு வர்ற சிரிப்பும் ரெண்டு தெரு தள்ளிக் கேக்கும், முன்பின் தெரியாம கேக்கறவன் 'எழவு வீட்டுல கும்மாளம்'னு சொல்லுவான். பெட்டி ஸ்பீக்கர் ரெண்டு, பந்தலுக்கு உள்பக்கம் பார்த்து. தகரப் பந்தலா இருந்தா எதிரொலி வரும், கடைசி வார்த்தை குழம்பும். கேலிக்கு உயிரே கடைசி வார்த்தைதான். பந்தலுக்குள்ள துணி கட்டிட்டா பாதி அடங்கும்.

ப்ளெக்ஸ்பட்டறை:
அட்டையும் ப்ளெக்ஸும் இருந்தா முன்கூட்டியே சொல்லிடறேன். படத்தை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா தரம் குறைஞ்சுடும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க. 5×7 அங்குல அட்டைக்கு 1500×2100 பிக்சல் இருக்கணும். சிரிச்ச முகமா இருக்கற படம் குரூப் போட்டோவுல இருந்துதான் கிடைக்கும், வெட்டி எடுக்கும்போது பக்கத்துல நிக்கறவர் கை தோள் மேல தங்கிடும். பாத்துக்குங்க, படத்திறப்புல அந்தக் கைதான் பேச்சா இருக்கும்.

பெரிய ஆபத்து பழைய கோப்பு. அவசரத்துல முந்தின வேலையைத் திறந்து பேரை மட்டும் மாத்துவாங்க. ஓரத்துல 'இல்ல விழா'வோ 'வருக வருக'வோ தங்கிடும். அதனால எழுத்துப்பிழை பார்க்கறவர் பேரையும் தேதியையும் மட்டும் பார்க்காம, கடைசி வரியில இருந்து மேல் நோக்கிப் படிக்கணும்.

மேல என்ன வாசகம் போடறீங்க? 'இயற்கை எய்தினார்'னா?

தறிமேடை:
அவர் தன்னைப் பத்திச் சொல்லிட்டு இருந்தது 'பாவு தீரப் போகுது'னு. பாவுங்கறது தறியில நீளவாக்குல ஓடற நூல். அதை வெச்சு "பாவு தீர்ந்தது. தறி நிற்கவில்லை"னு போடலாமானு பிள்ளைங்க கேக்கறாங்க.

வெண்பாவாத்தியார்:
செத்தாரைத் துஞ்சினார்னு சொல்றது மங்கலம், சுடுகாட்டை நன்காடுனு சொல்றதும் அப்படித்தான். நன்னூல் உரைக்காரங்க காட்டற உதாரணங்கள். பாவு தீர்ந்ததுங்கறது தொழில்காரங்களுக்குள்ள புரியற குழூஉக்குறி. மங்கலம் எல்லார் வீட்டுக்கும் பொது. குழூஉக்குறி அவருக்கு மட்டும். தாராளமா போடுங்க.

கோமாளிக்கட்டை:
ரெண்டாவது வாக்கியம் வேணாம். முதல் வாக்கியம் அவருது. ரெண்டாவது யாரோ மேடைப் பேச்சாளர் எழுதினது.

நடவுப்பாட்டு:
ஆமாம், வெட்டுங்க.

தேர்வீதி62:
சனிக்கிழமை செத்தா பாடையில கோழிக்குஞ்சு கட்டறாங்களே, சனிப்பொணம் துணை தேடும்னு. அதைக் கேலியா சொல்லலாமா? அவர் போனது சனிக்கிழமைனு கேள்விப்பட்டேன்.

முகவீணை:
கோழியைக் கேலி பண்ணலாம். நம்பிக்கையைப் பண்ணாதீங்க. அந்தத் தெருவுல வயசானவங்க 16 நாளா 'அடுத்தது யாரு'னு உள்ளுக்குள்ள எண்ணிட்டு இருப்பாங்க, அவங்களும் பந்தல்ல உட்கார்ந்திருப்பாங்க. பேரன் சொல்றதா இருந்தா, "தாத்தாவுக்குத் துணைக்குப் போன கோழிதான் பாவம், வழி முழுக்க அவர் பேச்சைக் கேட்டிருக்கும்". இதோட நிறுத்திக்கணும்.

தறிமேடை:
எல்லாருக்கும் நன்றி. அட்டை வாசகம் இப்படி வந்திருக்கு, ஒரு பார்வை பாருங்க:

பாவு தீர்ந்தது.
படத்திறப்பு: ஞாயிறு காலை 11 மணி
ஆழ்ந்த இறங்கலுடன்,
மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள்

ப்ளெக்ஸ்பட்டறை:
மூணாவது வரி. வல்லினம் இல்லை, இடையினம். இரங்கல். மாசத்துக்கு ரெண்டு தடவையாவது எல்லாப் பட்டறையிலயும் வர்ற பிழை.

பனிமூட்டம்:
தாமஸ் மோர் கட்சி போல. இறங்கறதை அவரே பாத்துக்குவார்.

தறிமேடை:
ஐயோ. மாத்தச் சொல்லிடறேன். நல்லவேளை, அச்சு இன்னும் ஓடலை.

தறிமேடை:
மாத்தலைங்க. பேரன் இந்தப் பிழையை வீட்டம்மாகிட்டப் படிச்சுக் காட்டியிருக்கான். "அப்படியே விடுங்கடா, எவனாவது மூக்கைச் சிந்துனா எறங்கி வர்றேன்னுதானே சொன்னாரு"ன்னாங்களாம்.